ஆமாம், 20 டிகிரிதான்

பேனாக்கத்தியின் விளிம்பை ஒவ்வொரு பக்கமும் கல்லில் 20 டிகிரி சாய்த்துத் தீட்ட வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைக் கேலி செய்து ஒருவர் போட்ட வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் யார், எவர் என்ற விளக்கத்துக்கெல்லாம் போகவில்லை. என் பேனாக்கத்தியின் படத்தை எடுத்துப் போட்டு, "பக்கத்துக்கு 20 டிகிரியாம்! தெருவில் சாணை பிடிக்கிறவர் வேலை" என்று சிரித்துவிட்டு, தன் கத்தியால் கைமுடியை மழித்துக் காட்டினார். அவருடையது 12 டிகிரியாம். கீழே வரிசையாகக் கைதட்டல். மழிக்கட்டும். எனக்குச் சவரத்துக்கு வேறு பிளேடு இருக்கிறது.

நான் சொன்னது இவ்வளவுதான், மறுபடியும் சொல்கிறேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கண்டதையும் வெட்டுகிற மடக்குக்கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி. படத்தில் இருந்தது விக்டோரினாக்ஸ். 1884-இல் தொடங்கிய அந்தக் கம்பெனியே பக்கத்துக்கு 15 முதல் 20 வரை என்றுதான் சொல்கிறது. அவர்கள் போடும் எஃகின் கடினம் ராக்வெல் கணக்கில் 55, 56 அளவுதான். எளிதில் துருப்பிடிக்காது, சட்டென்று உடையாது, தீட்டவும் சுலபம். ஆனால் கொஞ்சம் மெத்தென்ற எஃகு. அதைக் கொண்டுபோய் 12-க்கு இழைத்தால், அட்டைப்பெட்டியில் அடித்திருக்கும் ஒரு பின் பட்டாலே விளிம்பு மடங்கிவிடும். காலையில் கைமுடி மழித்த கத்தி மாலையில் தக்காளித் தோலில் வழுக்கும்.

இன்னொன்று. சண்டைக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு 20-உம் 40-உம் ஒன்றுதான் என்பதே தெரியவில்லை. ஒரு பக்கத்துக்கு 20 என்றால் இரண்டும் சேர்ந்து 40. ஸ்பைடர்கோ கம்பெனியின் ஷார்ப்மேக்கர் என்ற தீட்டும் கருவியில் 40, 30 என்று இரண்டு நிலைகள் இருக்கின்றன அல்லவா, அது இரண்டு பக்கமும் சேர்த்த கணக்கு. இதைக்கூடப் பார்க்காமல் எனக்குப் பாடம்.

"நல்ல எஃகு என்றால் குறைந்த கோணம் நிற்குமே?" நிற்கும். ராக்வெல் கணக்கில் 60-க்கு மேல் கடினமான எஃகில் 15 டிகிரி நன்றாகவே நிற்கும். நான் பேசியது என் கத்தியைப் பற்றி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் காட்ரா என்ற சோதனை இருக்கிறது, மணல்துகள் கலந்த அட்டையை இயந்திரம் வெட்டிப் பார்க்கும், கோணம் குறையக் குறையக் கூர் அதிக நேரம் தாங்குகிறது என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். தெரியும் ஐயா. அந்த இயந்திரம் அட்டையை நேராக வெட்டும், அவ்வளவுதான். கத்தியைத் திருகாது, தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டாது, பெயின்ட் டப்பா மூடியை நெம்பாது. கத்தியால் நெம்பக் கூடாது என்பீர்கள். நெம்புவோம். பையில் இருப்பதே அதற்குத்தான்.

கையால் தீட்டுகிறவர் "சரியாக 12" என்று எப்படிச் சொல்கிறார் என்பது அடுத்த ஆச்சரியம். அலகின் அகலம் 15 மில்லிமீட்டர் என்று வையுங்கள். முதுகு கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் எழும்பினால் 20 டிகிரி, 4 என்றால் 15, 3 என்றால் 12-க்குப் பக்கத்தில். ஒரு மில்லிமீட்டருக்குள் இத்தனை கர்வம். நான் விளிம்பில் மார்க்கர் தடவிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். மை முழுக்கப் போனால் பழைய கோணத்திலேயே இருக்கிறேன். மேலே மட்டும் போனால் கத்தி படுத்திருக்கிறது, வெட்டும் ஓரத்தில் மட்டும் போனால் தூக்கிப் பிடித்திருக்கிறேன். அப்புறம் மறுபக்கத்தில் எஃகுப் பிசிர் விரலில் தட்டுகிறவரை ஆயிரம் கிரிட் என்ற நடுத்தரத் தீட்டுக்கல், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு.

பெரியகுளத்தில் என் மாமா மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிறவர். அவர் கத்தியும் மடக்குக்கத்திதான். ஆனால் ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. அப்போதுதான் வெட்டு வளையாமல் பலகை போல விழும். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சைப் படலம் இரண்டு குச்சியிலும் ஒட்டி உட்காராவிட்டால் கன்று பிடிக்காது. தினமும் காலையில் தீட்டுவார். அந்தக் கத்தியால் சணலை வெட்டப் போனால் கையிலேயே அடி விழும். சணலுக்குத் தடித்த விளிம்பில் வேறொரு மலிவுக் கத்தி வைத்திருந்தார். எத்தனை டிகிரி என்று கேட்டிருந்தால், "வேலை இருந்தா போய்ப் பாருடா" என்றிருப்பார்.

சரி, கோணத்தை விடுங்கள். எனக்கு உறுத்துவது அந்த "சாணை பிடிக்கிறவர் வேலை". எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் கல்லை ஏற்றிக்கொண்டு வந்தவர், கத்தியை வாங்கியதும் "கறிக்கா, காய்க்கா?" என்றுதான் முதலில் கேட்பார். இத்தனை ஒளி அமைப்போடு, இரண்டு கேமரா வைத்துப் பேசியவர் அந்த ஒரு கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. காய்ந்த சக்கரத்தில் பிடித்தால் சூடேறிப் பதம் போய்விடும் என்று உடனே வருவார்கள். போகும்தான். எங்கள் தெருக்காரர் தண்ணீர் தொட்டுத் தொட்டுத்தான் பிடித்தார். சூடு எங்கே ஏறும் என்று அவருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும்.

"இதற்கெல்லாமா இவ்வளவு கோபம்?" என்று இன்பாக்ஸில் நண்பர் ஒருவர். ஆமாம், இதற்குத்தான். உங்களுக்கு 17 பிடித்தால் 17 வையுங்கள், சண்டையே இல்லை. 12 வைத்தவர் மட்டும், அடுத்த வீடியோவில் அதே கத்தியால் ஒரு சணல் மூட்டையைப் பிரித்து, ஒரு பெயின்ட் டப்பாவைத் திறந்து, பிறகு விளிம்பைக் கிட்டத்தில் காட்டட்டும். அந்த இடத்தை மட்டும் எடிட்டிங்கில் வெட்டிவிட வேண்டாம்.