மிஞ்சின நாலு பார்சல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போரால் வடக்கில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில், எங்கள் வீட்டில் செய்தி கேட்பதே ஒரு தேகப்பயிற்சி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோவில் வயரைக் கொழுவி, அப்பா றேடியோவைக் காதோடு ஒட்டி வைத்திருப்பார். கை சோர்ந்தால் செய்தியும் தேய்ந்துபோகும். 'இத்தனை பேர் பலி' என்று வரும் இடத்தில் சோர்ந்து நன்றாக ஏச்சு வாங்கியிருக்கிறேன். கொழும்பு ஒரு எண்ணிக்கை சொல்லும், புலிகளின் குரல் இன்னொன்று சொல்லும். அப்பா பிபிசி தமிழோசையையும் கேட்டுவிட்டு, சந்தையில் விலை பேசுவதுபோல நடுவில் ஒன்றை எடுத்துக்கொள்வார்.

செத்த பெடியள் முதல்நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று எந்த றேடியோவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. 1998இல் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. 2000 மே மாதம் யாழ்ப்பாணத்து உதயன் பத்திரிகையையே இழுத்துப் பூட்டினார்கள். புலிகளின் பக்கம் மட்டும் என்ன, வீரச்சாவு அறிவித்தலில் பயத்துக்கு இடமிருந்ததா?

ஆனையிறவில் ஏ-9 ஓரம் நிற்கும் புல்டோசரைப் பார்த்திருப்பீர்கள். 1991இல் புலிகள் இராணுவ முகாமை முற்றுகையிட்டு அதை ஓட்டிவந்தபோது, கைக்குண்டுகளோடு அதில் ஏறிச் செத்த காமினி குலரத்ன என்ற சிப்பாயின் நினைவிடம். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் நிற்கும், படம் எடுப்பார்கள். சரி, அவர்களுக்கு அவர் வீரர். ஆனால் அந்த முகாமுக்குள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த மற்றவர்கள், அந்த உப்புவெளி வெயிலில் குடிதண்ணீருக்கு என்ன பாடுபட்டிருப்பார்கள்? எனக்கு அதுதான் அறிய ஆசை.

இப்போது யூடியூப். இதைச் சொன்னால் சில தம்பிமார் கோபிப்பார்கள், பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர், முகமாலைப் போர்முனையில் புலிகளின் வழங்கல் பிரிவில் நின்றவர், ஒரு கால் இல்லை. கமராவோடு வந்தவர்களிடம் ஒன்றரை மணித்தியாலம் கதைத்திருக்கிறார். வெளியே வந்தது பதினாலு நிமிடம், பின்னால் வயலின். தலைப்பு: 'கதறி அழுத முன்னாள் போராளி'. அண்ணை அழவேயில்லை, வெயிலுக்கு முகம் துடைத்தவர். காசு வந்தது, அதை மறுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் காற்றடிக்கிற கம்பிரசர் வாங்கிக் கொடுத்தார்.

வெட்டிய பகுதியை அண்ணை எனக்குச் சொன்னார், டியூப்பைத் தண்ணீருக்குள் அமத்திக் குமிழி பார்த்தபடி. ஒருநாள் பின்னேரம் முன்னுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறார். கொடுத்து முடிய நாலு பார்சல் மிஞ்சிவிட்டது. காலையில் எண்ணிக் கட்டினது சரிதான், ஆட்கள்தான் நாலு பேர் குறைவு.

"திருப்பிக் கொண்டு வரவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. நானும் மற்றப் பெடியனும் இருந்து சாப்பிட்டம். நல்ல பசி, தம்பி. ருசியாயும் இருந்தது. அதுதான் இண்டைக்கும் நித்திரை கொள்ள விடுதில்லை."

ஏன் இதை வெட்டினீர்கள் என்று அந்த யூடியூப் பெடியனிடம் கேட்டாராம்.

"அதில நீங்கள் அழேல்லை, அண்ணை."