மேப் எடிட்டர் இருக்கும் கேம்தான் எனக்குக் கேம்

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை சயான் கோலிவாடாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தான். "காலையில இருந்து கேமுதான். நீயாவது சொல்லேன்டா" என்றாள் அக்கா. எட்டிப் பார்த்தேன். அவன் விளையாடவில்லை. ரோப்ளாக்ஸ் ஸ்டூடியோ என்ற, கேம் செய்கிற கருவியில் ஒரு ஓபி கட்டிக்கொண்டிருந்தான், தாவித் தாவிக் கடக்கிற தடைப்பாதை. ஒரு பலகையை நகர்த்துவான், ஓடிப் பார்ப்பான், விழுவான், பலகையைக் கொஞ்சம் கிட்டே இழுப்பான், மறுபடி ஓடுவான். இது வேறு வேலை என்று அக்காவுக்கு அப்போது புரியும்படி சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2003. தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 15 ரூபாய். எல்லா மெஷினிலும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேமின் சத்தம். மூலை மெஷினில் நான் மட்டும் ஊர் கட்டி, படை திரட்டிப் போரிடுகிற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. அதன் மெனுவில் 'மேப் எடிட்டர்' என்று ஒன்று இருந்ததை ஒருநாள் தற்செயலாகத் திறந்தேன். வெறும் புல்தரை. யாரும் இல்லை, எதுவும் இல்லை. அதில் தாமிரபரணியை வரைந்தேன். கோடை லீவுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்த ஆறு, படித்துறை, மேட்டில் கோயில். பனை தேடினால் கேமில் ஈச்சை மாதிரி ஒரு மரம்தான் இருந்தது. அதையே பனையாக வைத்துக்கொண்டேன்.

பிறகு ட்ரிகர். ஒரு பக்கம் நிபந்தனை, மறுபக்கம் விளைவு. குதிரைக்காரன் படித்துறைக்கு வந்தால் ஊர்ப் பெரியவர் பேச வேண்டும். கோயிலைத் தொட்டால் எதிரிகள் வர வேண்டும். சேவ் செய்ததைக் கடையில் யாராவது அழித்துவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லாவற்றையும் பிளாப்பியில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன்.

எதிர்வீட்டு நண்பனை ஆடச் சொன்னேன். ஆற்றங்கரை வரை வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஆழமில்லாத இடம் ஒன்று வைத்திருந்தேன், ஆனால் மரங்களுக்குப் பின்னால். வரைந்த எனக்கு மேப் முழுவதும் தெரியும். அவனுக்கோ இன்னும் போகாத இடமெல்லாம் இருட்டு. "ஏல, தாண்டுறதுக்கு வழியே இல்லயே?" இருபது நிமிடம் கரையோரமாகவே அலைந்தான். பின்னால் நின்ற எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். இதே மேப்பை நாளை வேறு யாராவது திறந்தால் பக்கத்தில் நின்று சொல்ல நான் இருக்க மாட்டேனே. மறுநாள் நான்கு மரங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு ஆடுகளை நிறுத்தினேன். இந்தக் கேமில் ஆடு என்றால் உணவு, கண்டால் யாரும் விட மாட்டார்கள். நண்பன் ஆட்டைப் பிடிக்க ஓடினான், வழியும் கிடைத்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் எந்த மேட்ச் ஜெயித்தபோதும் வந்ததில்லை.

எடிட்டரில் என்னைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். ஆடும்போது என் வெற்றியைப் பற்றி மட்டும் யோசிக்கிறேன். மேப் போடும்போது முகம் தெரியாத ஒருவனின் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கே திகைப்பான், எங்கே அலுப்பான், எதைப் பார்த்தால் திரும்புவான்? பதினைந்து வயதில் இதை எனக்கு வேறு எதுவும் கற்றுத் தரவில்லை.

"பையன் கோடிங் கத்துப்பான், நல்ல வேலை கிடைக்கும்" என்று இதற்காக வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வாதம் எனக்கு வேண்டாம். நான் இன்று கப்பல் சரக்கு அலுவலகத்தில் பில் போடுகிறேன். அதனால் அந்த ஆறு வீணாகிவிடவில்லை.

சுற்றி ஆடிக்கொண்டிருந்த கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கே இப்படி ரசிகர்கள் கையால் வந்ததுதான் என்று அப்போது தெரியாது. 1999-ல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் ஹாஃப் லைஃப் கேமை மாற்றிச் செய்த மாட் அது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டே ஓடக்கூடிய டஸ்ட் 2 மேப்பைப் போட்டவர் டேவ் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். அதற்கு முந்தைய டஸ்ட் மேப்பைச் செய்தபோது அவர் பதின்வயதுப் பையன். 1993-ல் டூம் என்ற கேம் வந்தபோதே அதன் புரோகிராமர் ஜான் கார்மாக் மேப்புகளையும் படங்களையும் கேமின் எஞ்சினிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைத்தார். மற்றவர்களும் மாற்றிப் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார். அடுத்த ஆண்டே ரசிகர்கள் தங்கள் கையால் எடிட்டர் எழுதிவிட்டார்கள்.

எனக்கு நெருக்கமானது இன்னொன்று. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ரசிகர்கள் கூடிச் செய்த ஒரு மாட், 2013-ல் அதிகாரபூர்வ விரிவாக்கமாகவே வெளிவந்தது. அந்தக் குழுதான் பிறகு அந்தக் கேமுக்குப் புதிய பகுதிகளைச் செய்தது. 2022-ல் வந்த ஒன்றில் ராஜேந்திர சோழன் கதையே ஆட்டமாக இருக்கிறது. நான் ஈச்சையைப் பனையென்று வைத்துக்கொண்ட அதே கேமில்!

அதனால்தான் நிறுவனங்கள் மேல் கோபம் வருகிறது. வார்கிராஃப்ட் 3 என்ற கேமின் எடிட்டரில் ரசிகர்கள் போட்ட மேப்பிலிருந்துதான் டோட்டா என்ற புகழ்பெற்ற ஆட்டம் பிறந்தது. 2020-ல் அதே கேம் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, எடிட்டரில் யார் என்ன செய்தாலும் உரிமை நிறுவனத்துக்கே என்று நிபந்தனை வைத்தார்கள். கருவியைக் கொடுத்தவருக்கு மரியாதை உண்டு. ஆனால் உளி விற்றவன் சிலைக்குச் சொந்தம் கொண்டாடுவதை நான் ஏற்க மாட்டேன். எடிட்டரே இல்லாமல், சட்டைக்கும் துப்பாக்கி நிறத்துக்கும் மட்டும் காசு வாங்குகிற கேம்கள் இன்னும் மோசம். அங்கே குழந்தைகள் வெறும் வாடிக்கையாளர்கள்.

அக்கா மகன் முடித்துவிட்டு, "மாமா, ஆடிப் பாருங்க" என்றான். மூன்றாவது பலகையிலேயே பதினோரு முறை விழுந்தேன். "ஈஸிதான் மாமா, நான் ஒரே தடவைல போயிட்டேன்" என்றான். 2015-ல் வந்த, லெவல் கட்டுகிற கேமான சூப்பர் மாரியோ மேக்கரில் ஒரு விதி இருந்தது: நீ போட்ட லெவலை நீயே முடித்துக் காட்டினால்தான் பிறருக்கு அனுப்ப முடியும். நல்ல விதி. ஆனால் போட்டவனுக்கு எந்தப் பலகையும் கிட்டேதான் தெரியும். "கீழ் வீட்டுப் பையனைக் கூப்பிடு. அவன் ஆடும்போது நீ வாயே திறக்கக் கூடாது" என்றேன்.

நான் கிளம்பும்போது இரண்டு பேரும் லேப்டாப் முன்னால் இருந்தார்கள். கீழ் வீட்டுப் பையன் விழுந்துகொண்டே இருந்தான். இவன் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றான். அக்கா இருவருக்கும் தட்டில் முறுக்கு வைத்துவிட்டு, தானும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.