நோவா கார் பெயரால் தோற்றதா?

ஸ்பானிஷில் 'நோ வா' என்றால் 'போகாது' என்று பொருள், அதனால்தான் மெக்சிகோவில் செவ்ரோலே நோவா கார் விலைபோகவில்லை என்னும் வாட்ஸ்அப் செய்தி, வெளிநாட்டில் கடை விரிப்போருக்கான பாடமாக மறுபடியும் சுற்றி வருகிறது. இது உண்மையன்று. 1970களில் மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் அந்தக் கார் நன்றாகவே விற்றது. 'நோவா' முதலசையில் அழுத்தம் பெறும் ஒரே சொல், 'நோ வா' கடைசியில் அழுத்தம் பெறும் இரு சொற்கள் என்பதால் ஸ்பானிஷ் பேசுவோர் காதில் இரண்டும் வேறுவேறாகவே விழும். மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸே தன் பெட்ரோல் ஒன்றை 'நோவா' என்ற பெயரில்தான் விற்றது. பெயரால் வந்த சிக்கலுக்கு மெய்யான எடுத்துக்காட்டு வேண்டுமெனில், ஸ்பானிஷில் கொச்சைப் பொருள் தரும் 'பஜேரோ' காரை மிட்சுபிஷி அம்மொழி பேசும் பல நாடுகளில் 'மொன்டேரோ' என விற்றதைச் சொல்லலாம். நோவா கதையின் விரிவான மறுப்பு வதந்திகளைச் சரிபார்க்கும் ஸ்னோப்ஸ் இணையதளத்தில் உள்ளது. பார்த்துவிட்டு, வந்த செய்தியை மேலும் அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள்.