இங்கிலீஷ் நோட்டு

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. பித்தளை அண்டா, தொட்டில் கம்பு, என் மனைவியின் டைப்ரைட்டிங் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நீள நோட்டு. அட்டையில் என் கையெழுத்தில் 'இங்கிலீஷ்' என்று மட்டும் இருந்தது. வேலை நின்றது. வெள்ளையடிக்க வந்தவர் டீ குடிக்கப் போனார், நான் ஸ்டூலில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

1986இல் பிளஸ் டூ முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு வருடம் இருந்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கடையைப் புரியவைப்பது கஷ்டம். வாடிக்கையாளர் ஒரு துண்டுச்சீட்டில் தனக்குப் பிடித்த பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார். நாங்கள் எல்.பி. ரிக்கார்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கேசட்டில் பதிந்து, உறையில் பாட்டுப் பெயரை அழகாக எழுதி, யாரும் தவறுதலாக அழித்துவிடாதபடி கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துக் கொடுப்போம். சட்டப்படி இது சரியா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. சரியில்லைதான்.

கூட்டமெல்லாம் இளையராஜாவுக்குத்தான், அதைச் சொல்லவே வேண்டாம். அதற்கு நோட்டும் கிடையாது, எது ஓடுகிறது என்பது முதலாளிக்கு மூச்சு மாதிரி தெரியும். ஆனால் இங்கிலீஷ் பாட்டு என்று ஒரு அலமாரி இருந்தது. கல்லூரி விடுதிப் பையன்கள், பொன்மலை ரயில்வே காலனி ஆட்கள், துபாயிலிருந்து லீவில் வந்தவர்கள் கேட்பார்கள். அதில் எது ஓடுகிறது என்று முதலாளிக்குப் பிடிபடவில்லை. அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி, பதியும்போதெல்லாம் ஒரு கோடு, நாலு கோட்டுக்கு மேல் குறுக்கே ஐந்தாவது கோடு. மாதக் கடைசியில் நான் எண்ணிச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் சென்னைக்குப் போய் ரிக்கார்டு வாங்கி வருவார்.

இப்போது மறுபடி எண்ணிப் பார்த்தேன். போனி எம் குழு இருக்கிறது, ஆபா குழு இருக்கிறது, மைக்கேல் ஜாக்சன் இருக்கிறார், மாடர்ன் டாக்கிங்கின் 'பிரதர் லூயி' 1987 பக்கங்களில் காடாய் வளர்ந்து கிடக்கிறது. எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய வித்தியாசத்தில், முதலிடத்தில் இருப்பது பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் 'பேச்சலர் பாய்'. பிரிட்டனில் 1963 ஜனவரியில் முதலிடத்துக்கு வந்த பாட்டு. அதற்கு இருபத்து மூன்று வருடம் கழித்துத் திருச்சியில் ஏன் இத்தனை கோடு?

கோடு போட்டவன் நான். அதனால் காரணம் எனக்குத் தெரியும்.

அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். நீங்கள் கொடுத்த ஏழு பாட்டைப் பதிந்து முடித்தால் இரண்டேகால் நிமிஷம் மிச்சம் இருக்கும். எட்டாவது பாட்டைப் போட்டால் பாதியில் அறுந்துவிடும். காலியாக விட்டாலோ வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார், "என்னப்பா, காசு முழுசா வாங்குற, டேப்ப காலியா விட்டிருக்க" என்று. அதனால் மிச்ச இடத்தில் ஏதாவது ஒரு சின்னப் பாட்டைத் திணிப்போம். 'பேச்சலர் பாய்' இரண்டு நிமிஷம். அந்த ரிக்கார்டு, பதியும் டெக்குக்குப் பக்கத்திலேயே கை எட்டும் தூரத்தில் இருக்கும். ஊசியை எங்கே வைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அவ்வளவுதான். பெரும்பாலும் யாரும் அதைக் கேட்கவில்லை. நான் போட்டேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், "எல்லாக் காலத்திலும் அதிகம் விரும்பப்பட்ட பாட்டுகள்" என்று யாராவது பட்டியல் போடும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டேகால் நிமிஷம்தான் ஞாபகம் வரும். பட்டியலைப் பார்த்தவுடன் பாட்டைப் பார்க்காதீர்கள், கோடு போட்டவன் யார் என்று பாருங்கள் என்பது என் கட்சி.

பிரிட்டனில் முதல் பட்டியல் எப்படி வந்தது தெரியுமா? 1952 நவம்பர் 14 தேதியிட்ட நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் வந்தது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது ரிக்கார்டு கடைகளுக்குப் போன் போட்டு "என்ன ஓடுது?" என்று கேட்டுத் தொகுத்தார். பன்னிரண்டு இடம், ஆனால் சில இடங்களில் சமமாக வந்ததால் பாட்டு பதினைந்து. முதலிடம் அல் மார்ட்டினோவின் 'ஹியர் இன் மை ஹார்ட்'. இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் முதலாளியும் சென்னையிலிருந்து எஸ்டிடி போட்டு அதையேதான் கேட்பார், "என்னடா ஓடுது?" கடையில் நாலு பேர் நிற்கும்போது போன் வந்தால் நான் நோட்டையா பார்ப்பேன்? வாயில் வந்த பெயரைச் சொல்வேன். தேங்கிக் கிடக்கும் ரிக்கார்டின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன், சொன்னால் அதையே இன்னும் இரண்டு வாங்கி வந்துவிடுவார். எனக்குப் பிடிக்காத பாட்டுக்கும் அதே கதிதான்.

அமெரிக்காவில் 1991 வரை கிட்டத்தட்ட இதே கதை. பில்போர்டு பத்திரிகையின் ஆல்பம் பட்டியல், கடைக்காரர்கள் சொல்வதை நம்பித்தான் ஓடியது. அந்த வருடம் மே மாதம் சவுண்ட்ஸ்கேன் வந்தது. கல்லாவில் பார்கோடை ஸ்கேன் செய்யும்போதே எண்ணிக்கை ஏறிவிடும், வாய்ச்சொல்லுக்கு வேலையில்லை. என்ன ஆயிற்று? ஒரு மாதத்துக்குள் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடம். செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கன்ட்ரி ஆல்பம் வந்த வாரமே முதலிடம். திடீரென்று அமெரிக்கர்களின் ரசனை மாறிவிட்டதா என்ன? ராப்பும் கன்ட்ரியும் அதற்கு முன்பும் மூட்டை மூட்டையாக விற்றுக்கொண்டுதான் இருந்தன. கல்லாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் போன்ற ஆட்களின் வாய்க்குத்தான் அந்தப் பெயர்கள் வரவில்லை.

1967 கதை இதைவிட ருசி. பீட்டில்ஸ் 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இரண்டையும் ஒரே ரிக்கார்டுத் தட்டின் இரு பக்கமாக வெளியிட்டார்கள். பாப் இசையில் அதைவிடப் பெரிய தட்டு ஒன்று உண்டா என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் பட்டியலில் அது இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. மறித்துக்கொண்டு நின்ற பாட்டு 'ரிலீஸ் மீ', பாடியவர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க். இவர் யார்? 1936இல் நம் மதராஸில் பிறந்தவர். ஆறு வாரம் முதலிடத்தை விடவில்லை. (கிளிஃப் ரிச்சர்ட் லக்னோவில் பிறந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமென்ட்டில் யாராவது சொல்வீர்கள்.) இதில் வேடிக்கை, அதே சமயம் மெலடி மேக்கர் என்ற இன்னொரு பத்திரிகையின் பட்டியலில் பீட்டில்ஸ்தான் முதலிடம். ஒரே நாடு, ஒரே பாட்டு, இரண்டு நோட்டு.

போனி எம்முக்கு வருகிறேன், அது இல்லாமல் எங்கள் கடையைப் பற்றிப் பேச முடியாது. அமெரிக்கர்களிடம் போனி எம் என்று சொல்லிப் பாருங்கள், பல பேருக்குத் தெரியாது. அங்கே அவர்களின் பெரிய பாட்டான 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' முப்பதாவது இடத்தைத் தாண்டவில்லை. பிரிட்டனில் அதுவே 1978இல் ஐந்து வாரம் முதலிடம். பிறகு இறங்கியது. அப்போது வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் இருந்த 'பிரவுன் கேர்ள் இன் த ரிங்'கை ஒலிபரப்ப ஆரம்பித்தார்கள், அதே தட்டு மறுபடி இரண்டாம் இடம் வரை ஏறியது. வாங்கியவன் எந்தப் பக்கத்துக்காக வாங்கினான் என்று எந்த நோட்டு சொல்லும்?

ஆனால் எங்கள் கடையில் ஆட்கள் கேட்டு வாங்கியதில் ராஜா போனி எம்மின் 'ராஸ்புடின்', ரஷ்ய ஜார் மன்னர் குடும்பத்தில் செல்வாக்காக இருந்த சாமியாரைப் பற்றிய பாட்டு. பொங்கல் சமயத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை பதிந்திருக்கிறேன், அந்த "ஹே ஹே" கேட்டால் பக்கத்துக் கடை தையல்காரர் மிஷினை அதே தாளத்தில் மிதிப்பார். 1978 டிசம்பரில் போனி எம் மாஸ்கோவுக்கே போய்க் கச்சேரி செய்தார்கள், அங்கே அந்த ஒரு பாட்டை மட்டும் பாடவில்லை. சோவியத்தில் அச்சான ரிக்கார்டிலும் அதை நீக்கிவிட்டார்கள். சோவியத் நோட்டில் அந்தப் பாட்டுக்கு ஒரு கோடுகூட விழுந்திருக்காது.

அந்தப் பாட்டுக்கு மேடையில் ஆடிய பாபி ஃபாரெல் 2010 டிசம்பர் 30 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இறந்தார். ராஸ்புடின் கொல்லப்பட்டதும் அதே ஊர், அதே தேதி. இதை யாராவது கதையில் எழுதினால் நம்ப மாட்டோம். பாபி ஃபாரெல் வாயை மட்டும் அசைத்தார், ஆண் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியனுடையது என்பது தெரிந்தபோது மேற்கே பலருக்கு அது பெரிய ஏமாற்று. அதே ஃபேரியன் பிற்பாடு உருவாக்கிய மில்லி வனில்லி ஜோடி பாடவே இல்லை என்று வெளிப்பட்டதும், 1990இல் அவர்களிடமிருந்து கிராமி விருதையே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நமக்கு இதில் அதிர்ச்சி என்ன இருக்கிறது? டி.எம்.எஸ். பாட, எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வாயசைக்க வளர்ந்தவர்கள் நாம்.

சரி, இப்போதாவது கணக்கு சுத்தமாகிவிட்டதா? மெஷின் எண்ணுகிறது, பொய் சொல்லாது என்பார்கள். கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' 2012 ஜூலையில் வந்து டிசம்பரில் 100 கோடி பார்வையைத் தொட்டது, யூட்யூபில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் வீடியோ. உலகமே அதன் குதிரையோட்டும் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தபோது பில்போர்டின் பாட்டுப் பட்டியலில் அது ஏழு வாரம் இரண்டாம் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. காரணம், அப்போது யூட்யூப் பார்வைகள் அந்தக் கணக்கில் சேராது. 2013 பிப்ரவரியில் விதியை மாற்றிச் சேர்த்தார்கள். சேர்த்த வாரமே 'ஹார்லெம் ஷேக்' நேராக முதலிடம், அதுவும் பெரும்பாலும் ஊர் ஊராக ஆட்கள் அரை நிமிஷம் ஆடிய வீடியோக்களின் புண்ணியத்தில். விதி அரை வருடம் முன்னால் வந்திருந்தால் கொரியாக்காரர்தான் முதலிடம் என்று நான் சத்தியம் செய்வேன்.

2017 மார்ச்சில் பிரிட்டிஷ் பாடகர் எட் ஷீரனின் ஆல்பம் வந்தபோது பிரிட்டனின் முதல் பத்தில் ஒன்பது பாட்டு அவருடையது. மக்கள் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டார்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகக் கோடு விழுந்தது. பட்டியல்காரர்கள் பதறிப்போய் அந்த வருடமே விதி போட்டார்கள், ஒரு கலைஞருக்கு மூன்று பாட்டுக்கு மேல் கிடையாது. கூடவே இன்னொரு விதி: சரிந்துவரும் பழைய பாட்டு என்றால் அதைக் கேட்பதற்கு மதிப்புக் குறைவு. அதாவது நீங்கள் இன்று ஒரு பழைய பாட்டை நூறு தடவை கேட்டாலும் அது புதுப்பாட்டின் நூறு தடவைக்குச் சமமில்லை. பிறகு 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடரால் கேட் புஷ் 1985இல் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்' பற்றிக்கொண்டது. விதிப்படி விட்டால் அது மேலே வரத் திணறும் என்று அந்த ஒரு பாட்டுக்கு விலக்குக் கொடுத்தார்கள். முப்பத்தேழு வருடம் கழித்து முதலிடம். நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடித்த பாட்டுதான். ஆனால் டெக்குக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் எதை வைப்பது என்று இன்னமும் யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார், அதைத்தான் சொல்கிறேன்.

இதை எழுதினால் "அப்போ ரசனைன்னு ஒண்ணுமே இல்லையா சார்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் "எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா" என்று பழைய பாட்டுக் குழுக்களில் தினமும் அழுகிறார்களே, அவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தக் காலத்தில் வந்த குப்பையும் இந்த நோட்டில் இருக்கிறது. ஒரு கோடு, இரண்டு கோடு வாங்கிவிட்டு ஓய்ந்துபோன பெயர்கள் பக்கம் பக்கமாக. பாதிப் பேரின் குரல் எனக்கே ஞாபகம் இல்லை. மிஞ்சியதை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை எடைபோடுகிறோம்.

மிஞ்சியது எப்படி மிஞ்சியது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்லலாம்.

மூன்று வருடம் முன்பு தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க ரெக்கார்டிங் சென்டர்ல இருந்தீங்கல்ல?" என்றார். பெண்ணின் தாய்மாமா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எண்பத்தேழில் விடுதியில் தங்கிப் படித்தபோது எங்களிடம் ஒரே ஒரு கேசட் பதிந்தாராம். முழுக்க ஆபா. அதை நாடா தேயும்வரை கேட்டிருக்கிறார். "அதுல கடைசியா ஒரு பாட்டு வரும் தம்பி, நான் எழுதிக் குடுக்கவே இல்ல. அப்பா மகனுக்குப் புத்தி சொல்ற மாதிரி. எப்படித்தான் என் மனசுல இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதோ. என் லைஃபே அந்தப் பாட்டுதான்." மனிதர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

பேச்சலர் பாய்.

ரசம் ஊற்ற வந்தவர் நின்றுகொண்டிருந்தார். பெரியவர் இடது கையால் தொடையில் தாளம் போட்டபடி, ஒரு வார்த்தை தப்பாமல் இரண்டு நிமிஷமும் பாடி முடித்தார். எனக்கு இரண்டேகால் நிமிஷக் கணக்கு தொண்டை வரை வந்தது. "உங்களுக்குப் பிடிக்கும்னு தோணுச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டு ரசத்துக்கு இலையில் சோற்றைக் குழிசெய்தேன்.