அற்றோணி எழுதினால் வீடு சொந்தமாகாது

"பேர்மிட் காணியெண்டாலும் அற்றோணி எழுதி வாங்கினால் வீடு உங்கட பேருக்கு வந்திரும்" என்று, வீடு வாங்குறது பற்றி இங்க கேட்ட தம்பிக்கு ஒரு அண்ணன் பதில் சொல்லியிருக்கிறார். பேர்மிட் காணி என்பது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. தயவுசெய்து அதை நம்பிக் காசு கொடுக்காதீங்க. அற்றோணி என்பது இன்னொருவருக்காகச் செயற்படும் அதிகாரம் மட்டும்தான். காணி உரிமையை மாற்றாது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் செல்லாது.

இலங்கையின் 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் (அரசு கொடுக்கும் உரிமைப் பத்திரம்) கிடைத்த காணியை விற்கவும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேணும். அம்பாறைப் பக்கம் இப்படி அரசு கொடுத்த குடியேற்றக் காணிகள் நிறைய, அதனாலதான் பதறுறேன்.

கைக்குழந்தையோட முதல் வீடு தேடுற தம்பி, அட்வான்ஸ் கொடுக்க முன்னம் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் விசாரிங்க. உறுதிப் பத்திரம் உள்ள தனியார் காணியென்றால் காணிப் பதிவகத்தில் ஈடு (அடமானம்) ஏதும் பதிஞ்சிருக்கா என்றும் பாருங்க.