டபுள் வீல் போட்டால் லோடு இரட்டிப்பாகாது

"பிக்கப்புக்குப் பின்னால் டபுள் வீல் (பக்கத்துக்கு ரெண்டு டயர் ஜோடியாக) மாட்டினால் ரெண்டு மடங்கு லோடு ஏற்றி ஏற்காடு போய் வரலாம்" என்று ஒருவர் சொல்கிறார். யாரும் நம்பிச் செலவு செய்துவிடாதீர்கள். எவ்வளவு ஏற்றலாம் என்பது ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள மொத்த எடையை, அதாவது வண்டியும் லோடும் சேர்ந்த எடையைப் பொறுத்தது. ஆக்ஸில், ஸ்பிரிங், சேஸிஸ், பிரேக் எல்லாம் அதற்குத்தான் செய்தவை.

டயர் கணக்கிலேயே அது இரட்டிப்பு இல்லை. டயரின் பக்கவாட்டில் 116/114 என்பதுபோல ரெண்டு எண் இருக்கும், குனிந்து பாருங்கள். 116 என்றால் ஒற்றையாக ஓடும்போது ஒரு டயர் 1,250 கிலோ சுமக்கும். 114 என்றால் ஜோடியாக ஓடும்போது ஒவ்வொரு டயரும் 1,180 கிலோதான். ஜோடியில் காற்றோ தேய்மானமோ கொஞ்சம் மாறினாலும் ஒரு டயர் கூடுதலாகச் சுமக்கும், அதனால்தான் இந்தக் குறைப்பு. உள் டயரில் காற்று இறங்கினால் சட்டென்று தெரியாது. எஸ்டேட் பாதையில் ரெண்டுக்கும் நடுவே கல் மாட்டினால், இறங்கி நெம்பி எடுக்காமல் ஓட்டினால் டயர் கிழியும்.

அப்புறம் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் லோடோடு இறங்க வேண்டுமே! டயர் கூடியதால் பிரேக் கூடாது. ஆர்.சி.க்கு மாறாக வண்டியை மாற்றுவதும் சட்டப்படி தப்பு. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதோடு கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

தினமும் கனமான லோடு என்றால் டாடா 407 மாதிரி கம்பெனியிலேயே ஆறு டயரோடு வரும் வண்டி சரி, நிலையாக நிற்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டை சந்துகளுக்குள் மூட்டை இறக்க நாலு டயர் வண்டியே தாராளம்.