ஆர்தர் கதைக்குள் போக மாலரி வேண்டாம், கவெய்னில் தொடங்குங்கள்

பிரிட்டனின் பழங்கதை மன்னன் ஆர்தரின் கதைகளைப் படிக்கலாம் என்று யாராவது ஆசைப்பட்டால் உடனே கையில் திணிக்கப்படுவது தாமஸ் மாலரியின் 'லே மோர்ட் டார்தர்'. "மூலத்திலிருந்தே தொடங்கு" என்பார்கள். இந்த அறிவுரை எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

முதலில், அது மூலமே இல்லை. சிறையில் இருந்தபடி மாலரி அதை முடித்தது 1469-70இல். காக்ஸ்டன் அச்சிட்டது 1485இல். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1136 வாக்கில், ஜெஃப்ரி ஆஃப் மன்மத் லத்தீனில் ஆர்தரைப் பேரரசனாக்கிவிட்டார். ஆர்தரின் வீரர்கள் கூடி அமரும் வட்ட மேசை 1155இல் வாஸ் எழுதிய காவியத்தில் வருகிறது. ஆர்தரின் வீரன் லான்ஸ்லட் ராணிமேல் கொண்ட காதலும், கிரெயில் என்ற புனிதக் கலத்தின் தேடலும் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியான் த த்ருவா கொடுத்தவை. இவ்வளவையும் வாரி எடுத்துச் சேர்த்த மாபெரும் தொகுப்பாளர் மாலரி. ட்ரிஸ்ட்ரம் என்ற வீரனின் கதை மட்டுமே அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்கிறது. ஒரு ஈட்டிப் போட்டி முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று. யார் யாரைக் குதிரையிலிருந்து தள்ளினார் என்பதே நினைவில் நிற்காது. புதிதாக வருபவரை அங்கே இறக்கிவிடுவது நியாயமே இல்லை.

நான் சொல்வது, ஆர்தரின் மருமகனும் வீரனுமான கவெய்னைப் பற்றிய 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' என்ற ஆங்கிலக் கவிதை. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதி. எழுதியவர் பெயர் தெரியாது. 2530 வரிகள்தான், ஓரிரு மாலைகளில் முடித்துவிடலாம். உலகில் இருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் படி. அது இருந்த சேகரிப்பு 1731இல் தீப்பிடித்தபோது தப்பிப் பிழைத்து இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அது எரிந்திருந்தால் என்று நினைத்தாலே எனக்குப் பதறும்.

கதை இதுதான். ஆர்தரின் அரசவை இருக்கும் கேமலாட்டில் புத்தாண்டு விருந்து. உடம்பும் குதிரையும் பச்சையாக ஒருவன் கோடரியோடு உள்ளே வருகிறான். "என் கழுத்தில் ஒரு வெட்டு வெட்டுங்கள், ஒரு வருடமும் ஒரு நாளும் கழித்து அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்." கவெய்ன் வெட்டுகிறான். வந்தவன் உருண்ட தலையைப் பொறுக்கிக்கொள்கிறான், அந்தத் தலை பேசுகிறது. அடுத்த குளிர்காலத்தில் கவெய்ன் சொன்ன சொல்லுக்காகச் சாகப் புறப்படுகிறான். வழியில் ஒரு கோட்டை. பகலில் கிடைத்ததை மாலையில் மாற்றிக்கொள்வோம் என்று அதன் தலைவனோடு ஒப்பந்தம். தலைவன் காட்டில் மான், பன்றி, நரி என்று மூன்று நாள் வேட்டையாட, அவன் மனைவி கவெய்னின் படுக்கையறைக்குள் வருகிறாள். காடும் அறையும் மாறி மாறி வரும் அந்தப் பகுதியின் கட்டுக்கோப்பை இன்றைய எழுத்தாளர்களிடம்கூட அரிதாகத்தான் காண்கிறேன். முடிவைச் சொல்லமாட்டேன். 2021இல் தேவ் படேல் நடித்த படத்தைப் பார்த்தவர்களுக்கும் சொல்கிறேன், அதன் முடிவு வேறு.

சைமன் ஆர்மிடேஜின் 2007 ஆங்கில மொழிபெயர்ப்பை எடுங்கள். வரிக்கு வரி மோனை துள்ளும், வாய்விட்டுப் படியுங்கள். டோல்கீனின் மொழிபெயர்ப்பும் அழகு, ஆனால் மொழி பழைய சாயல். பத்து வயதுப் பிள்ளைக்கென்றால் ரோஜர் லான்சலின் கிரீன் 1953இல் எழுதிய மறுகூறல் போதும், கவெய்ன் கதை அதிலும் உண்டு. ஆர்தர் கதையை நாவலாக எழுதிய டி. எச். ஒயிட்டை நான் நேசிக்கிறேன், ஆனால் அவர் விளையாடுவது பழைய கதையோடு. அந்தக் கதை தெரிந்தபின் படித்தால் சுவை இரட்டிப்பு.

மாலரி வேண்டவே வேண்டாமா? கட்டாயம் வேண்டும், பிறகு. அதுவும் கடைசிப் பகுதியிலிருந்து. தன் காதலால் எரிக்கப்படவிருந்த ஆர்தரின் ராணியை நெருப்பிலிருந்து மீட்கும் நெரிசலில் லான்ஸ்லட், யாரென்று தெரியாமல், நிராயுதபாணியாக நின்ற கவெய்னின் தம்பிகளைக் கொன்றுவிடுகிறான். அதில் ஒருவன் லான்ஸ்லட்டே நைட் பட்டம் கொடுத்த கேரத். அதன்பின் கவெய்ன் சமாதானத்துக்கு இறங்குவதில்லை, வட்ட மேசை உடைகிறது. சாகும் நேரத்தில் அவனே லான்ஸ்லட்டுக்கு, திரும்பி வந்து ஆர்தரைக் காப்பாற்று என்று கடிதம் எழுதுகிறான். சொன்ன சொல்லுக்காகக் கழுத்தை நீட்டப் போன அந்த இளைஞனை முன்பே அறிந்தவருக்குத்தான் இந்தக் கடிதம் முழுதாக வலிக்கும். ஹெலன் கூப்பர் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு சுருக்கப்பட்டது, எழுத்துக்கூட்டலும் இன்றையது. முதல்முறை அதுவே போதும்.